பேர் சொல்லாத பழம்

உள்ளங்கையில் ஒரு சிவந்த பழத்தை வைத்து என் மூக்குக்கு நேராக நீட்டுவாள் என் நாத்தனார். பெருவிரல் அளவுதான் இருக்கும். மழை விட்ட ஐப்பசிக் காலையில் வேலியிலிருந்து அப்போதுதான் பறித்தது, மேலே ஈரம் நிற்கும். "பேரைச் சொல்லுங்க மதினி. சொன்னா உங்களுக்கு. சொல்லாட்டி எனக்கு." நான் சொல்லமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தரையைப் பார்ப்பேன். அவள் மரியாதைக்குக் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, பழத்தை ரெண்டு கடியில் தின்று, உதட்டோரம் வழிகிற சாற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கும் எனக்குத்தான்" என்று போய்விடுவாள். நான் வாழ்க்கைப்பட்டுப் போன முதல் மழைக்காலம் முழுக்க எங்கள் ரெண்டு பேருக்கும் இதுதான் விளையாட்டு.

அது கோவைப்பழம். என் வீட்டுக்காரர் பேர், மாடு மேய்த்த கண்ணனுக்கு இன்னொரு பேர் உண்டே, அது. எங்கள் பக்கத்தில் அதைக் கோவாலு என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். பேர் மட்டும் இல்லை, பேரின் தலைச் சத்தம் வருகிற எந்தச் சொல்லும் ஆகாது. கோவில் எனக்குச் சாமிவீடு. கோவம் எனக்கு மூஞ்சியைத் தூக்குவது. இது போதாது என்று என் நாத்தனார், "எங்கண்ணன் இடுப்புல கட்டிக்கிட்டு ஏர் ஓட்டப் போகுதே, அதுக்குப் பேரு என்ன மதினி?" என்று நாலு பெண்கள் களையெடுக்கிற இடத்தில் வைத்துக் கேட்பாள். வயலே சிரிக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வரும், ஆனால் சிரிப்பும் வரும்.

நான் கோச்சடையில் பிறந்தவள். வைகைக் கரை, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம், அதற்கப்புறம் வீடு. யாராவது என்னைப் பார்த்துப் பேசினாலே வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். உலகச் சண்டைக் காலத்தில், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆளாய்ப் பறந்த வருஷங்களில், என்னை எழுமலைப் பக்கம் உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே போனால் என் மாமியாருக்கும் என் வியாதிதான். மாமனார் பேர் வெள்ளைச்சாமி. அவர் காலமாகி வருஷங்கள் ஆகியும் அந்த அம்மாள் வாயில் வெள்ளை என்ற சொல் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு வியாழனுக்கு மறுநாள். வெள்ளரிக்காய் கொடிப்பிஞ்சு. வெள்ளாடு குட்டி போட்டால், "அந்த ஆடு, செம்மறி இல்லாத ஆடு, குட்டி போட்டுருச்சு" என்பார். அசலூர்க்காரர் வந்து நின்றால் எங்கள் வீட்டில் என்ன பேசுகிறோம் என்று புரிந்துகொள்ள ஒரு பொழுது ஆகும்.

அந்த வழக்கப்படி நானும் என் பங்குக்கு ஒரு பேர் வைத்தேன். கிளி அந்தப் பழத்தைப் பிய்த்துத் தின்னும் என்பதால் கிளிப்பழம் என்றேன். நாத்தனாருக்கு அது பிடித்துப்போய், கிளிப்பழம், கிளிப்பழம் என்று என்னைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். வீடு முழுக்க அந்தப் பேரே நின்றுவிட்டது.

அவளுக்கு என் வயசுதான். வேலியும் வரப்பும் கண்மாய்க்கரையும் அவளுக்குச் சமையலறை மாதிரி. எந்தப் புதரில் எப்போது எது பழுக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. சூரை, களா, காரை, இலந்தை, முட்சங்கு. பட்டணத்தில் மணத்தக்காளி என்கிறார்களே, அதை அங்கே சுக்குட்டி என்பார்கள், அதுவும். விறகுக்குப் போனால் கட்டு பாதிதான் வரும், மடி நிறையப் பழம் வரும். ஆனால் அவள் கண்ட பழத்தையும் வாயில் போடுகிறவள் இல்லை. சின்னப் பிள்ளையில் அவளோடு விளையாடின ஒருத்தி மலையடிவாரத்தில் எட்டிப்பழத்தை, பார்க்க ஆரஞ்சு மாதிரி அழகாக இருக்கிறதே என்று தின்று, வீடு வந்து சேரவில்லை. அதைப்பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று பூராவும் சிரிக்கவில்லை.

அதற்காகவே அவள் ஒரு பஞ்சாயத்து வைத்திருந்தாள். தெரியாத பழமோ, தெரிந்த மாதிரி இருக்கிற பழமோ, எதுவானாலும் பஞ்சாயத்தைக் கூட்டாமல் தின்னக்கூடாது. செடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மீசையை முறுக்குவது போல விரலைச் சுழற்றுவாள். "முதல் சாட்சி, இலை, வந்து சொல்லட்டும். ரெண்டாவது பூ. பூ இல்லைன்னா இன்னொரு நாளைக்கு வாய்தா. பெறகு காம்பு. ஒண்ணொண்ணாத் தொங்குதா, கொத்தா இருக்கா. கடைசியா காயை அறுத்து உள்ள இருக்கிற விதையக் கேக்கணும். அம்புட்டுப் பேரும் ஒரே பேரைச் சொன்னாத்தான் தீர்ப்பு மதினி. ஒரு சாட்சி மாத்திப் பேசுனாலும் பழத்தைப் போட்டுட்டு நடையைக் கட்டணும்." எங்கள் ஊரில் பால் வடிகிற பழம் விஷம் என்பார்கள் என்று ஒருநாள் மெல்லச் சொன்னேன். "அப்ப களாவுக்கு என்ன சொல்றீக? கிள்ளுனாப் பால் வருது, நம்ம ஊறுகாயே போடுறோம். எட்டிக்குப் பால் இல்லை, ஆளைக் கொல்லுது. ஒத்தைச் சாட்சியை வச்சுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது" என்றாள். சுக்குட்டியைக் கூட நன்றாகக் கறுத்துப் பழுத்தால்தான் தொடுவாள். பச்சையாக வாயில் போட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மைனா தின்கிறதே என்று நான் இன்னொரு செடியைக் காட்டினபோது, "மைனாவுக்கும் நமக்கும் ஒரே குடலா? அது புழுவையும் திங்குது, திங்கிறீகளா?" என்றாள்.

கிளிப்பழத்தின் பஞ்சாயத்தில் மட்டும் என்னை அவள் நாட்டாமை ஆக்கினாள். காரணம் என் பள்ளிக்கூடம். சிலேட்டுக்குக் கறுப்பேற்ற அந்த இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து வைத்துத் தேய்ப்போம். அஞ்சு வருஷம் தேய்த்த கை. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் இலைக்குள் கையை விட்டாலும் அந்த இலையை எடுத்துவிடுவேன். அதற்கு ஒரு விஷப் பங்காளி உண்டு, ஐவிரலி. அதுவும் அதே வேலியில், அதே மாதிரி சுருள்விட்டுப் படரும். காயாக இருக்கையில் ரெண்டுக்கும் பச்சையில் வெள்ளைக் கோடு இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழுத்த பிறகு நம் பழம் கோடு மறைந்து முழுச் சிவப்பாகிவிடும். ஐவிரலிப் பழத்தில் சிவப்பின் மேலும் வெள்ளைக் கோடு அப்படியே நிற்கும். அதன் இலை விரலை விரித்த கை மாதிரி கிழிந்திருக்கும், பூ வெளுத்த மஞ்சளாகச் சின்னதாக இருக்கும், பழம் உருண்டையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். நம்முடையது பெரிய வெள்ளைப் பூ, நீளப் பழம், ஒன்றொன்றாகத் தொங்கும். இதை நாத்தனார் எனக்கு நடத்திக்காட்டின அன்று மாமியார் சற்றுத் தள்ளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "கோட்டைச் சொல்லு, கோட்டைச் சொல்லு" என்று அங்கிருந்தே அவசரப்படுத்தினார். "என்ன கோடு ஆத்தா? நீயே சொல்லேன்" என்றாள் மகள். மாமியார் செம்பைத் தூக்கி எறிவது போல ஓங்கினார்.

மறு வருஷம் அவளுக்குக் கல்யாணமாகி மதுரை செல்லூருக்குப் போனாள். மாப்பிள்ளை மில்லில் வேலை. எனக்கு அண்ணன் முறை, அப்படித்தான் கூப்பிடுவேன். சந்து வீடு, ரெண்டு பக்கமும் தறிச்சத்தம், பக்கத்து வீட்டில் சௌராஷ்டிரக்காரர்கள் நூலுக்குச் சாயம் போட்டுச் சந்து நீளத்துக்குக் காயப்போட்டிருப்பார்கள். கையகலச் செடிகூட இல்லை என்று வரும்போதெல்லாம் புலம்புவாள். அண்ணன் தங்கமான மனுஷன். அவள் என்ன சொன்னாலும் தலையாட்டுவார், அவள் கேலிசெய்தாலும் அதற்கும் தலையாட்டுவார். அவரைப்பற்றிப் பேசும்போது "எங்க மில்லுக்காரரு" என்பாள்.

சிரிப்புக்குள் ஒரு கவலையும் இருந்தது. மூணு வருஷம் வயிறு திறக்கவில்லை. ஒரு தடவை தங்கியதும் கலைந்துபோனது. அண்ணன் வீட்டு ஆட்கள் வேறு இடம் பார்க்கலாமா என்று ஜாடைமாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அப்புறம் ஒரு புரட்டாசியில் அவளுக்கு மறுபடி தங்கியது. இந்தத் தடவை எதுவும் ஆகிவிடக்கூடாது என்று மாமியார் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குடத்தைத் தூக்க விடவில்லை, குனிய விடவில்லை, வேலிப்பக்கம் போகவே விடவில்லை. வேலிக்குப் போகாத நாத்தனாரை நான் அப்போதுதான் பார்த்தேன். மசக்கை அவளைப் பாடாய்ப் படுத்தியது. சோறு கசந்தது, தண்ணீர் கசந்தது. ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும் என்றாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, "கிளிப்பழம்" என்றாள்.

அந்த வருஷம் மழை பிந்திவிட்டது. எங்கள் வேலியில் காய் எல்லாம் பச்சையாகவே கிடந்தது. அப்போது அண்ணன் பார்க்க வந்திருந்தார். அவளுக்கு என்ன ஆசை என்று அவளிடமே கேட்டிருக்கிறார். "எங்க மதினியக் கேளுங்க, அவுகளுக்குத்தான் அந்தப் பேரு நல்லாத் தெரியும்" என்று வேண்டுமென்றே அவரை என்னிடம் அனுப்பிவிட்டாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"அது என்ன பழம்மா?"

"கிளிப்பழம்ணே."

"கிளி திங்குமோ?"

"திங்கும்ணே. வேலியில படர்ந்து கெடக்கும். செவப்பா இருக்கும்."

உள்ளே அவள் பாயில் புரண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. அண்ணனும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பட்டணத்து மனுஷர், கேட்டதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டுவிட்டார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்த லீவுக்கு அவர் உசிலம்பட்டிவரை பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்தே வந்தார். உச்சிப்பொழுது. வேட்டியெல்லாம் செம்மண், முகத்தில் அப்படி ஒரு பெருமை. தோளில் துண்டு மூட்டையாகக் கட்டியிருந்தது. நேரே கிணற்றடிக்குப் போனார். என்னிடம் ஒரு கும்பாவும் கருப்பட்டியும் மட்டும் கேட்டார். எட்டி நின்று கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணன் மெனக்கெட்டுக் கொண்டுவந்த பழத்தைப் பார்க்கக்கூட எனக்கு வெட்கம். அவரே பிசைந்து, தோலையும் விதையையும் எடுத்துப்போட்டு, கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, கும்பாவை ஏந்திக்கொண்டு நடுவீட்டுக்குள் போனார். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு மாமியார் போகமாட்டார். அவர் எதிரே நின்று பேசவும் மாட்டார். ஆகவே உள்ளே அவர்கள் ரெண்டு பேர், வெளியே நாங்கள் ரெண்டு பேர்.

உள்ளே பேசுவது கேட்டது. "என்ன பழங்க?" "நீ கேட்டதுதான். கிளிப்பழம். உசிலம்பட்டி தாண்டி ஒரு வேலியில கிளி உக்காந்து தின்னுக்கிட்டு இருந்துச்சு. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. நம்ம செல்லூர்ச் சாயநூலு மாதிரி அம்புட்டுச் செவப்பு." அப்புறம் அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். "கசக்குதே." "உனக்கு இப்பத் தண்ணியே கசக்குதுங்கிற. இன்னும் ரெண்டு கருப்பட்டி போடவா?"

நான் தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போனேன். மாமியார் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தார். தோய்க்கிற கல்லின் மேல் பழத்தோல் குவியலாகக் கிடந்தது. மாமியார் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. என் கையைப் பிடித்தார். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

"ஏத்தா, அந்தத் தோலைப் பாரு. அதுல... அதுல உங்க மாமா இருக்காரு."

"மாமாவா அயித்த?"

"செவப்பு மேல கோடு கோடா உங்க மாமா ஓடுறாருடி!"

குனிந்து பார்த்தேன். சிவப்பின் மேல் வெள்ளைக் கோடு. எனக்கு வாயிலிருந்து வந்தது இதுதான்: "அப்ப அது அவுக இல்லையே அயித்த!"

இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. எத்தனையோ கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறாள் நாத்தனார். ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்ற எங்கள் ரெண்டு பேருக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை. துண்டு பக்கத்தில் கிடந்தது. அதன் மடிப்பில் ஒரு துண்டுக் கொடி ஒட்டியிருந்தது. இலையை எடுத்து விரலால் தடவினேன். சிலேட்டில் தேய்த்த இலை இல்லை அது. விரலை விரித்த கை. உள்ளே கும்பாவில் கருப்பட்டியைக் கலக்குகிற சத்தம் கேட்டது. மாமியாரால் மாப்பிள்ளை எதிரே போக முடியாது, போனாலும் சொல்ல வேண்டிய சொல் அவருக்கு வராது. நானோ அதுவரை அந்த வீட்டில் ஒரு சத்தம் போட்டு அறியாதவள். என் சொல்லும் அதேபோலக் கட்டுப்பட்டுக் கிடந்தது. கிளிப்பழம் இல்லை என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? கிளி தின்றதைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா அவர்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. நடுவீட்டு வாசற்படியில் நின்று கத்தினேன். "கோவை இல்ல! அது கோவை இல்ல தாயி! ஐவிரலி! துப்பு! கோவை இல்ல, துப்பு!"

அவள் ரெண்டாம் வாய்க்குக் கையை எடுத்திருந்தாள். அந்தக் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். அவள் பயந்தது முதலில் விஷத்துக்கு இல்லை, என் வாயில் அந்தப் பேர் வந்ததற்கு. மதினி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று அந்த ஒரு கணத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயிலிருந்ததைக் கும்பாவிலேயே துப்பினாள். வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், தன் பேரைச் சொல்லி யாரோ அலறுகிறார்கள் என்று நினைத்து, கையில் வைக்கோலோடு ஓடிவந்து, "யாரு? யாரு என்னையக் கூப்புட்டது?" என்று வாசலில் நின்றார். அண்ணன் கும்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் வாயில் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. மசக்கைக்காரியானபடியால் தானாகவே வாந்தியும் வந்தது. வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே வண்டியைக் கட்டினோம். வைத்தியம் எதையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் துண்டை இலை, தோல், கொடி எல்லாவற்றோடும் சுருட்டி எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது, சாட்சி கூட வரட்டும் என்றுதான் தோன்றியது. வண்டியில் வைக்கோலின் மேல் படுத்துக்கொண்டு, முகம் வெளுத்து, வயிற்றின் மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்தாள் அவள். மாமியார் வழி நெடுகத் தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டே வந்தார். பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன். "அம்புட்டுச் சத்தமாச் சொல்லிட்டீகளே மதினி. எங்கண்ணன் ஆயுசுல எம்புட்டுப் போச்சோ" என்றாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே, "எனக்கு நெறையா இருக்கு, கொஞ்சம் போகட்டும்" என்றார்.

உசிலம்பட்டி ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன தின்றாள் என்பது. துண்டை விரித்து வைத்தேன். அவர் இலையையும் தோலையும் பார்த்துவிட்டு, இதைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார். பொழுது சாயும்வரை பக்கத்திலேயே வைத்திருந்து பார்த்தார். வயிற்றுவலி வந்தது, அடங்கியது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, உள்ளே போனது கொஞ்சம், வந்தது சீக்கிரம் என்று சொல்லி அனுப்பினார். திரும்பும்போது மாமியார் தூங்கிவிட்டார், வாய் மட்டும் நேர்ந்துகொண்டே இருந்தது.

வண்டியில் ஏறாமல் வீட்டிலேயே நின்றுவிட்ட அண்ணன் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவள் நல்லபடியாக இறங்கி வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. முகத்தைக் காட்ட மாட்டாமல் திரும்பிக்கொண்டார். மாமியார் நேரே அவர் எதிரே போய் நின்றார். கதவுக்குப் பின்னாலிருந்து இல்லை, யாரையாவது விட்டுச் சொல்லியும் இல்லை. "மாப்பிள்ளை, எந்திரிங்க. ஆசைப்பட்டுக் கொண்டாந்தீக. உங்க மேல என்ன இருக்கு? பேரை ஒழுங்காச் சொல்லத் தெரியாத வீட்டுல பொண்ணு எடுத்தீக, அதான். கஞ்சி குடிக்க வாங்க" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மாப்பிள்ளையிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மறுநாள் காலையில் மாமியார் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு தீர்ப்புச் சொன்னார். வாய்க்குள் போகிற பண்டத்துக்கு மட்டும் மரியாதை பார்க்க வேண்டாம், முழுப் பேரையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, எங்களுக்கு வழிகாட்டுகிற மாதிரி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வெள்ளைக் கோடு" என்றார். சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் கடைசிவரை வியாழனுக்கு மறுநாளாகவே இருந்தது. அதைத் தின்ன முடியாதல்லவா.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கறுப்பு, நல்ல சத்தம். அண்ணன் அதற்கப்புறம் ஒரு கத்தரிக்காய் வாங்கினாலும் கடைக்காரரிடம் பேர் கேட்காமல் வாங்கமாட்டாராம். செல்லூர்ச் சந்தையில் அவரைப் பார்த்ததும், "இது கத்தரிக்காய், இது வெண்டைக்காய், பூவும் காம்பும் நீங்களே பாத்துக்கங்க" என்று கடைக்காரர்களே முந்திக்கொண்டு சொல்வார்களாம். நாத்தனார் நடித்துக் காட்டுவாள். என் வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டி இருந்தார். நான் அந்தப் பேரைச் சொல்லிக் குறைந்த ஆயுசு எது என்று இன்றுவரை எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

எங்கள் ரெண்டு பேருக்கும் கண்ணில் புரை விழுந்த பிறகு, அவள் மகள்தான் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மகள் ஆட்டோவுக்குச் சில்லறை கொடுக்க நின்றுவிட்டாள். நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தோம். சீட்டு எழுதுகிற தம்பி நாத்தனாரின் பேர், வயசு, ஊர் எல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். "வீட்டுக்காரர் பேரு பாட்டி?" என்றான். அவன் மறுபடி கேட்டான். பின்னால் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் திரும்பினேன். ஊரையே கேலிசெய்தவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷத்தில் மில்லுக்காரரு என்பதைத் தவிர வேறு சொல்லால் அவள் தன் வீட்டுக்காரரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னை வைத்து அம்புட்டு விளையாட்டு காட்டினவளுக்கு, உள்ளுக்குள் அதே பூட்டு இருந்திருக்கிறது.

என் கையை அழுத்தினாள். நான் அண்ணன் பேரை, அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி, தகப்பன் பேரோடு சேர்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. தம்பி எழுதிக்கொண்டே, "ஏன் பாட்டி, உங்களுக்கு வாய் இல்லையா?" என்று அவளைக் கேட்டான்.

அவள் முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "எனக்கு வாய் திங்கிறதுக்கு மட்டுந்தான்யா. பேசுறதுக்கு எங்க மதினி இருக்காக" என்றாள்.